விழுங்கிய நன்றி

டென்மார்க்கின் விபோர்க் நகரில் எங்கள் டொக்டர் ஒரு கிரேக்கர். மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, மனைவி பிள்ளைகளோடு சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். யார் முணுமுணுத்தாலும் அந்த வழக்கம் மாறாது.

தமிழ் அகதிகள் குடும்பத்தை அழைக்கப் போட்ட விண்ணப்பங்கள் குடிவரவுக் கந்தோரில் முடங்கிக் கிடந்த காலம் அது. என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் இருந்தார்கள். இங்கே எனக்கு நித்திரை இல்லை. நித்திரைக் குளிசை கேட்டு டொக்டரிடம் போனேன்.

“தரமாட்டன்,” என்றார், எங்கள் இருவருக்கும் தெரிந்த உடைந்த டெனிஷில். “உமக்கு நோயில்லை. குடும்பம்தான் பக்கத்தில இல்லை. கந்தோரில என்ன சொல்லுகினம்?”

“பொறுத்திருக்கச் சொல்லுகினம், டொக்டர். நானும் நன்றி சொல்லிப்போட்டு வாறன்.”

“நன்றியோ? எதுக்கு?” என்று மேசையில் ஓங்கி அடித்தார். எழும்பிக் கோட்டைப் போட்டார். மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. ஆனால் அவருடைய கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு கந்தோர் வாசலில் போய் நின்றது.

அங்கே அதிகாரி வழக்கம்போல, “பொறுத்திருங்கோ,” என்றார். டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என்னையே பார்த்தார்.

“என்ர பிள்ளை செத்தாப் பிறகோ பதில் தருவியள்?” என்று கத்தினேன். இந்த நாட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அன்று பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் வாராவாரம் போய்க் கேட்டேன்.

கடைசியில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அதே அதிகாரி சிரித்தபடி கைநீட்டினார். நன்றி வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அது டொக்டருக்கு உரியது. என் மனைவியும் மகளும் எனக்கு யாரோ போட்ட பிச்சை அல்ல.