மேட்டில் நான் நட்ட பெத்தாய் பெலாலாங்

எங்கள் சிற்றாலயம் டுரியான் துங்கால் ஊருக்குப் போகும் வழியில், பழைய தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. பின்னால் ஒரு மேடு. அதன் அடிவாரத்தில் எங்கள் கல்லறைகள். வீடுகள் கட்டுவதற்காக யாரோ மேட்டு மண்ணை லாரி லாரியாக அள்ளிப் போன பிறகு அங்கே மிஞ்சியது செம்பாறையும் வெயிலும்தான். லாலான் புல்கூட அங்கே வர யோசித்தது. அந்த மேட்டைப் பசுமையாக்குவது என்று ஆலயக் குழு முடிவு செய்தபோது, மரத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்பு அடுக்கியவனுக்கு மரத்தைப் பற்றித் தெரியாதா என்ன?

நான் சொன்னது பெத்தாய் பெலாலாங். புளிய இலைபோல் பொடி இலையும், வெள்ளைப் பஞ்சுருண்டைப் பூவும், கொத்துக் கொத்தாகத் தட்டைக் காய்களுமாகச் சாலையோரம் நிற்குமே, அது. தமிழ்நாட்டில் சவுண்டல் என்பார்கள். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, ஆட்டுக்குத் தீனியாகும். இத்தனை நற்குணங்களோடு ஒரு மனிதன் வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்போம். மரம் என்பதால் நம்பிவிட்டோம்.

"அது தானா வர்ற மரம்லா. அத ஏன் நீங்க போயி நடணும்?" என்று என் மனைவி கேட்டாள். அவள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஆகவே அவள் பேச்சைக் குழுவில் யாரும் பொருட்படுத்தவில்லை.

மரம் எங்களை ஏமாற்றவில்லை. ஒரே வருடத்தில் தலைக்கு மேல் போயிற்று. என்னைப் பாராட்டிக் கைதட்டினார்கள். குழுவின் செயலாளர், டயர் கடை வைத்திருப்பவர், தினமும் ஒரு பை இலை பறித்துப்போய்த் தம் முயல்களுக்குப் போட்டார். சில வாரங்களில் முயல்களின் முடி கொட்டத் தொடங்கியது. கண்ணேறு என்று நினைத்து ஜெப எண்ணெய் பூசினார். எண்ணெய் வழுக்கையின் மேல் நன்றாகவே மினுங்கியது.

காய்கள் வெடித்தன. மழை விதைகளை அடிவாரத்துக்கு அனுப்பி வைத்தது. அந்த நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் பூவுமாகப் போனவர்கள் புதருக்கு முன்னால் நின்றோம். மாமனாரின் கல்லறையை மனைவி பாராங் கத்தியால் வழி வெட்டித்தான் கண்டுபிடித்தாள். திரும்பும்போது காரில் அவள் பாராங்கை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணி வைத்து எல்லாரும் சேர்ந்து வெட்டினோம். மீ கோரெங் சாப்பிட்டோம், வெற்றிப் படம் எடுத்தோம். மூன்றே வாரத்தில் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஏழெட்டுக் கிளைகள் எழுந்து நின்றன. செயலாளருக்குக் கோபம் வந்தது. காய்ந்த சருகுக்குத் தீ வைத்தார். அடுத்த மழையில் கருகிய தரை முழுக்கக் கீரைப் பாத்திபோல் முளைத்தது.

கடைசியில், சிம்பாங் அம்பாட்டில் செடி நர்சரி வைத்திருக்கும் பெண்ணைக் கூட்டிவந்தோம். அவள் மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத யாரு அங்கிள் நட்டது?" என்றாள். குழுவினர் அனைவரும் என்னைப் பார்த்தார்கள். சபையில் அப்படியொரு ஒற்றுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"வெட்டுனா மட்டும் சாகாது அங்கிள். வெட்டுன கையோட கட்டையில மரத்தக் கொல்ற ராச்சுன் தடவணும். காய விட்டீங்கன்னா உள்ள போகாது. நெருப்பு வெச்சா வெதையோட தோல் வெடிச்சு இன்னும் சுளுவா மொளைக்கும். பூ விடுறதுக்கு முந்தியே வெட்டிப்புடணும்."

"எல்லாம் செஞ்சா முடிஞ்சிருமா?" என்றேன்.

"மண்ணுக்குள்ள கெடக்குற வெதை பல வருசம் தூங்கும். மழை பேஞ்சதும் சின்னக் கன்னா வேரோட புடுங்குங்க. நெழல் மரம் வைங்க. நெழல்ல இது ஏறாது."

முயலைப் பற்றிச் செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஆட்டுக்கு வயித்துல தாங்கும் அங்கிள். முயலுக்கு ஆகாது. நிறுத்துனா முடி வந்துரும்," என்றாள். ஜெப எண்ணெயைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ராச்சுனும் தூரிகையும் எனக்குத் தரப்பட்டன. செயலாளர் வெட்ட, நான் பின்னாலேயே ஓடித் தடவினேன். கன்று பிடுங்கும் வேலை என் மனைவியுடையது. ஞாயிறு பூசை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறுவாள். மேட்டில் பலாவும் நாவலும் வைத்தவளும் அவள்தான். குழி தோண்டும்போது பாறையில் கடப்பாறை தெறித்து அவள் கை வீங்கியது. மறு ஞாயிறும் போனாள். நான் சாக்குப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"ஒரு மன்னிப்புக் கேக்க ஏங்க இவ்ளோ நாளு?" என்று ஒரு நாள் குனிந்தபடியே கேட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் நிமிரவில்லை. "சாக்க நல்லா விரிச்சுப் பிடிங்க, வெளிய கொட்டுது," என்றாள்.

இப்போது பலா நிழல் தரும் பக்கத்தில் கன்றுகள் குறைந்துவிட்டன. மறுபக்கம் இன்னும் வெயில்தான். அங்கே ஒவ்வொரு மழைக்கும் புதிதாக முளைக்கிறது. போன கூட்டத்தில் நர்சரிப் பெண்ணுக்கு நன்றித் தீர்மானம் போட்டோம், செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தினோம். என் மனைவி அப்போது மேட்டில் இருந்ததால் அவள் பெயர் விட்டுப்போயிற்று. நான் எழுந்து சொன்னேன். குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள், பெயரில் எழுத்துப்பிழையோடு.