நடுவில் அழுக்கான புத்தகம்

பிள்ளை பிறந்து நீண்ட விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, என் டேட்டாபேஸ்களை வேறொருவர் கவனித்துக்கொண்டிருந்தார். நன்றாகவே கவனித்தார், அதுதான் கவலை. மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை, சோதனைக்கான ஒரு டேட்டாபேஸை உடைத்துத் தருவதாக மேலாளர் அம்மா சொன்னார். மீட்டுக் காட்டினால் பழைய இடம், இல்லையென்றால் ரிப்போர்ட் தயாரிக்கும் வேலை. "தாராளமாக" என்று சொல்லிவிட்டு வந்து, எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடுவதில் நான் கெட்டிக்காரி. ஐந்து நட்சத்திர விமரிசனம் என்றால் எழுதியவர் ஆசிரியரின் மச்சினனோ என்று சந்தேகம். ஒற்றை நட்சத்திரம் என்றால் வாசித்தவர் மேல் சந்தேகம். 'அனுபவசாலிகளுக்கு' என்று அட்டையில் இருந்தால் நான் அனுபவசாலிதானா என்று இன்னொரு சந்தேகம். இப்படி ஒரு வாரத்தைப் போக்கி இரண்டு வாங்கினேன். ஒன்று, எங்கள் அலுவலகம் எப்போதோ கைவிட்ட பதிப்புக்கானது. மற்றது தலையணை கனம். மகள் அதன்மேல் ஏறி சோபாவைப் பிடித்துவிட்டாள்.

"ஒருத்தருக்காவது ஒதவிச்சே" என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் குடியிருக்கும் வாகடிலிருந்து பஸ் பிடித்து, பழைய புத்தகக் கடைகளுக்குப் போனோம். கடைக்காரர் ஒன்றை நீட்டினார். "தாயீ, ஏக்தம் நயா!"

"புதுசா இருக்குன்னா எவனும் படிக்கலன்னு அர்த்தம்ளா" என்றார் கணவர், மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டே.

அடுக்கிலிருந்ததை எல்லாம் புரட்டினேன். முதல் இரண்டு அத்தியாயங்களில் மஞ்சள் மை மழையாகப் பெய்திருந்தது, அப்புறம் பாலைவனம். நானும் அப்படித்தான் படிப்பேன் என்பதால் சற்று ஆறுதல். ஒன்று மட்டும் முன்பக்கங்கள் வெள்ளையாக, நடுவில் அழுக்காக இருந்தது. டீக்கறை, மடிப்பு, தளர்ந்த தையல். கையில் எடுத்ததும், பழுதான டேட்டாபேஸை மீட்கும் அத்தியாயத்தில் தானாகப் பிரிந்தது. முதல் படிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'இதற்கு முன்னால் லாக் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடு. நான் எடுக்கவில்லை.'

வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவள். அச்சில் இருப்பது பாடம். பென்சிலில் இருப்பது யாரோ கிறுக்கியது.

பழகிப் பார்க்க என்னிடம் ஒரே ஒரு டேட்டாபேஸ் இருந்தது. மகள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு துப்பினாள் என்று பிறந்த நாளிலிருந்து நான் பதிந்து வருவது. டாக்டர் ஒரே ஒரு தடவை கேட்டார், அன்றிலிருந்து விடவில்லை. வியாழக்கிழமை எடுத்த நகல் இருந்த தைரியத்தில், சனிக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போது அதை நானே சிதைத்தேன். அச்சிட்ட படிகளை விரல் வைத்துப் படித்துப் படித்துச் செய்தேன். எல்லாம் வந்தது. வியாழக்கிழமை வரைக்கும். அதற்குப் பிந்திய பதிவுகள், ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் லாக் கோப்புகளில் மட்டுமே இருந்தன. பழைய நகலை மீட்கும்போது அவற்றின் மேலேயே எழுதி அழித்திருந்தேன். பக்கத்தைப் புரட்டினால், 'தொடங்குமுன் லாக் கோப்புகளை நகலெடுக்கவும்' என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் அச்சாகியிருந்தது.

கணவர் திரையை எட்டிப் பார்த்தார். "ஏளா, ரெண்டு நாளா பிள்ள பட்டினியா?"

சிரிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிட்ட கிச்சடி எத்தனை கரண்டி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சோதனை நாளில் மேலாளர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலில் லாக் கோப்புகளைத் தேடி நகலெடுத்தேன். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். "ஜல்தி நஹீ ஹை" என்றார். அவசரமில்லையாம். மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். முக்கால் மணி நேரத்தில், உடைவதற்கு ஒரு நிமிடம் முன் அவர் போட்ட கடைசிப் பதிவுவரை திரும்பி வந்தது.

"திங்கட்கிழமையிலிருந்து பழைய இடம்" என்றார் இந்தியில்.

நன்றி சொல்லி லிஃப்ட் வரை போனவள், திரும்பி வந்து நிஜமாகவா, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"துலா நகோ கா?" என்றார் மராத்தியில். உனக்கு வேண்டாமா?

"ஐயோ, வேணும்!" என்று தமிழில் கத்தினேன். புரிந்தது போலத்தான் சிரித்தார்.