தோளோடு நின்ற கோடு

கோயில் மணி ஒற்றையாக அடித்தது. செத்தது யாரென்று கேட்க வாசலுக்கு வந்தேன். "எங்கடை மலைக்காரி போட்டா, சேர்" என்றார் முன்வீட்டுக்காரர். மன்னார்த் தீவில் மலைக்காரி என்றால் ஜசிந்தா அக்கா ஒருவர்தான். பின்னேரம் சந்தியில் பதாகை கட்டிவிட்டார்கள்: 'மாட்டர்ஹோர்ன் சிகரத்தை வென்ற வீரப்பெண்.' எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அவர் சிகரத்தைத் தொடவில்லை. அதை அவர் வாயாலேயே ஊரெல்லாம் கேட்டிருக்கிறது.

சண்டைக்காலத்தில் சுவிஸுக்குப் போய், அந்த மலையடியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். ஜன்னலைத் திறந்தால் மலை. ஏறியே தீருவது என்று லீவு நாள்களில் சின்ன மலைகளில் பழகினார். ஊர் திரும்பிய பிறகு, என் புவியியல் வகுப்புக்கு வந்து கரும்பலகையில் அதன் வடகிழக்கு முகட்டைக் கீறுவார். அடியில் தங்குமடம், அங்கிருந்து இருட்டோடு புறப்பட வேண்டும். பிறகு உடைசல் பாறை, வழி பிசகினால் கல் உருளும். மேலே, ஆபத்துக்கு ஒதுங்க ஒரு மரக்குடில். அதற்கும் மேலே 'தோள்' என்கிற பனிச்சரிவு. அதைத் தாண்டினால் பாறையில் பூட்டிய தடித்த கயிறுகள், பிறகு உச்சி, அங்கே ஓர் இரும்புச் சிலுவை. அக்காவின் கோடு தோளோடு நின்றுவிடும். ஒருமுறை ஒரு மாணவி எழுந்துபோய் மிச்சத்தைக் கீறப் பார்த்தாள். "விடு பிள்ளை, அது நான் போகாத இடம்" என்று தடுத்துவிட்டார்.

அந்தச் சிலுவையைத் தொடுவதாக மடுமாதாவுக்கு நேர்ந்திருந்தார். தோளில் நின்றபோது இத்தாலிப் பக்கத்திலிருந்து முகில் ஏறியது. கூட ஏறிய குசினித் தோழி இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கெஞ்சினாளாம். அக்கா மசியவில்லை. காற்று மாறினால் வலையைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரைக்கு வருகிற தகப்பனுக்குப் பிறந்தவர். நேர்த்தியை முடிக்கவில்லையே என்று ஊர் குத்திக்காட்டியபோது ஒரே பதில்தான்: "ரெண்டு பேரும் உயிரோடை இறங்கினம். நேர்த்தியை மாதா கேக்கட்டும், நீங்கள் கேக்காதையுங்கோ."

திருவிழா மேடையில் 'சிகரம் தொட்டவர்' என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்த வந்தார்கள். அக்கா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "நான் உச்சிக்குப் போகேல்லை. தோளிலையிருந்து திரும்பி வந்தனான். பொய்க்குப் பொன்னாடை போடாதையுங்கோ." ஆடையை மடித்துச் சுவாமியார் எழுந்துவந்த கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பெரியவர்களுக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கோ எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

சேமக்காலையில், குழிக்குப் பக்கத்தில், நான்தான் பேச வேண்டும் என்றார்கள். சுவிஸிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பியார் பக்கத்தில் வந்து, "செத்தவவுக்கு இனி என்ன குறை, சேர்? உச்சிக்குப் போனா எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்றார். பாவம், அக்காவை உயர்த்திப் பார்க்கிற ஆசைதான் அவருக்கு. ஆனால் இப்போது மறுத்துச் சொல்ல அக்கா இல்லை. பெட்டியை இறக்குமுன் சொன்னேன்: "ஜசிந்தா அக்கா உச்சிக்குப் போகேல்லை. தோளிலையிருந்து திரும்பி வந்தவ." தம்பியார் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

இந்த ஆண்டும் அந்தப் பாடம் வரும். முகட்டை நான்தான் கீறுவேன், தோள் வரைக்கும். அதற்கு மேலே உள்ள வெறும் இடம் அக்காவுடையது. அதில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன்.