பாதி பின்னிய தலை

வெர்லின் இந்தக் கடற்கரையில் முப்பத்தோரு வருடமாகத் தலை பின்னுகிறாள். சுற்றுலாக் கப்பல் வரும் நாட்களில் பாதாம் மரத்தடியில் ஒரு முக்காலி, ஒரு சீப்பு, பாசிமணி நிறைந்த பிஸ்கட் டப்பா. அவ்வளவுதான் அவள் கடை. பக்கத்தில் நான், ஓடெட், ஜாதிக்காயும் கிராம்பும் கோத்த மாலை விற்கிறேன். எனக்கு வாய் நீளம், அவளுக்கு விரல் நீளம். தலையைத் தொட்டே ஆளைச் சொல்லிவிடுவாள். இவள் இடதுபக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறவள், இவள் பிள்ளை பெற்று மூன்று மாதம், இவள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் என்று.

ஒரே ஒருமுறை, தொட்டுத் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டாள். அது அவள் தங்கை ஸெலீனின் தலை. உச்சிக்குப் பின்னால் ஒரு புடைப்பு. "பேசாம பின்னுக்கா," என்றாள் தங்கை. வெர்லினும் பேசாமல் பின்னினாள். நான்காம் நாள் அதே பின்னலோடு ஸெலீனைப் பெட்டியில் வைத்தோம். படியில் விழுந்துவிட்டாள் என்று சொல்லி அவள் புருஷன் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான்.

போன புதன்கிழமை கப்பலிலிருந்து இறங்கி வந்த ஜோடியைப் பார்த்து முதலில் பொறாமைப்பட்டவள் நான்தான். அவன் பெயர் க்ரேடி, அவள் டெல்லா. அவளுடைய பை அவன் தோளில், அவளுடைய தொப்பி அவன் கையில். மணல் சுடுமென்று துண்டு விரித்து நடக்க வைக்கிறான். எங்கே கிடைப்பான் இப்படி ஒருத்தன்?

"அஞ்சு நாளா ராணி மாதிரி இருக்கா," என்றான் க்ரேடி. "சாப்பாடு ரூமுக்கே வந்துடும். அப்புறம் நீச்சல் குளம், அப்புறம் தூக்கம். இந்தப் பயணத்துல எதையும் இவ யோசிக்கவே வேண்டியதில்ல."

"உங்கள மாதிரி ஒருத்தன் எனக்கு வாய்ச்சிருந்தா நான் ஏன் வெயில்ல ஜாதிக்காய் வித்துட்டு இருப்பேன்?" என்றேன். அவன் சிரித்தான். டெல்லா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சிரித்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குக் கண் இருந்தும் பிரயோஜனமில்லை.

மதியம் ஒரு மணிக்கு டெல்லா முக்காலியில் உட்கார்ந்தாள். க்ரேடி எதிரே சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் கழுத்தில் இரண்டு கப்பல் அட்டைகள் தொங்கின. "இது இல்லன்னா கப்பல்ல ஏத்த மாட்டாங்க. இவ எதையும் தொலைச்சிடுவா, அதான் என்கிட்டயே வச்சிருக்கேன்," என்றான். நான் கேட்கவேயில்லை.

"எத்தனை பின்னல் போடட்டும் கண்ணு?" என்று வெர்லின் கேட்டாள்.

"தலை முழுக்க," என்றான் அவன்.

பத்து நிமிடம் போயிருக்கும். வெர்லின் என்னிடம் மோபி, அந்தக் கசப்பு மரப்பட்டைச் சாறு, ஒரு கோப்பை கேட்டாள். வேலை நேரத்தில் அவள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். கொண்டுபோனேன். கோப்பையை வாங்குகிற சாக்கில் என் விரலைப் பிடித்து டெல்லாவின் வலது காதுக்குப் பின்னால் வைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. ஓரத்தில் குட்டிக் குட்டியாக முளைத்திருந்தது. அதற்கு மேலே இன்னொரு இடம், இந்த வாரத்துப் பொருக்கு, இன்னும் ஈரம்.

"கப்பல் படியில வழுக்கிட்டா," என்றான் க்ரேடி, நாற்காலியிலிருந்து அசையாமல். அவன் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

"படி முடியைப் புடுங்குமாடீ?" என்று வெர்லின் எங்கள் ஊர்ப் பேச்சான பட்வாவில் என்னிடம் முணுமுணுத்தாள். அது அவனுக்குப் புரியாது. உதடு மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்தது.

நான் துறை வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் ஓடினேன். "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நாம எதுக்கு ஓடெட்? அந்தப் பொண்ணே வந்து சொல்லட்டும்," என்று அவர் கொட்டாவி விட்டார். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பினேன்.

மூன்று மணிக்குத்தான் கவனித்தேன். டெல்லாவின் தலை இரண்டு மணிக்கு இருந்தபடியே இருந்தது. வெர்லின் முன்பக்கம் ஒரு பின்னல் போடுவாள், பின்பக்கம் ஒன்றை அவிழ்ப்பாள். ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? பாதி பின்னிய தலையோடு யாரையும் எழுப்பி அனுப்பமாட்டோம், இந்தக் கடற்கரையில் அது எங்கள் சட்டம். அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. ஐந்து மணிக்குக் கப்பல் போய்விடும். அந்தச் சொகுசை விட்டுவிட்டு அவன் இங்கே நிற்கவா போகிறான்? அவன் போய்விடுவான், இவள் தங்கிவிடுவாள். வெர்லின் குனிந்து அவள் காதில் இதைச் சொன்னதை நான் பார்த்தேன். டெல்லாவின் கை பின்னால் வந்து வெர்லினின் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அதை விடவே இல்லை.

நாலரைக்குக் கப்பல் ஊதியது. க்ரேடி எழுந்தான்.

"போதும். அப்படியே வா."

"பாதித் தலையோட அனுப்பறது இங்க வழக்கமில்ல சார்," என்றாள் வெர்லின்.

"நான் உன்கிட்ட பேசல."

டெல்லா வாய் திறந்தாள். அன்றைக்கு அவளாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். "பாதித் தலையோட நான் வரமாட்டேன்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். கப்பலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். துறை பக்கம் சில அடி நடந்தான். எனக்கு மூச்சு வந்தது. நடந்தவன் நின்று, கப்பல் இரண்டாம் முறை ஊதுவதையும் கயிறு அவிழ்ப்பதையும் கைகட்டி வேடிக்கை பார்த்தான். கப்பல் முனையைத் தாண்டி மறைந்த பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்திலிருந்த இரண்டு அட்டைகளையும் கழற்றி மடியில் வைத்தான்.

"இப்ப அவசரமே இல்ல," என்றான், வெர்லினைப் பார்த்துச் சிரித்தபடி. "நிதானமா முடிங்க. நான் இருக்கேன்."

முப்பத்தோரு வருடத்தில் வெர்லின் கையிலிருந்து சீப்பு நழுவி நான் பார்த்ததில்லை. இப்போது அது மணலில் விழுந்தது. தங்கையைப் பெட்டியில் வைத்த அன்று இருந்த அதே முகம்.

நான் சீப்பை எடுத்துத் தட்டி அவள் கையில் கொடுத்தேன். என் முக்காலியைத் தூக்கிவந்து டெல்லாவுக்கும் அவனுக்கும் நடுவே போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். தேங்காய் வெட்டுகிற பெர்னிஸ் அரிவாளைக் கீழே வைக்காமலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோளம் சுடுகிறவள் வந்தாள். பாவாடை விற்கிற இரண்டு பேரும் கடையை மூடிவிட்டு வந்தார்கள். கப்பல் போன பிறகு இந்தக் கரையில் ஒரு நாளும் நாங்கள் தங்கினதில்லை.

"பின்னு வெர்லின்," என்றேன். "எங்களுக்கும் அவசரமில்ல."