தெருவே போட்டுப் பார்த்த நம்பர்

கல்யாணமாகி இந்தக் கடற்கரைக்கு வந்த புதிதில் நான் வாங்கிய முதல் திட்டு, என் வீட்டுக்காரர் கடலுக்குக் கிளம்பும்போது "எங்க போறிய?" என்று கேட்டதற்காக. ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அது ஒரு கேள்வியே இல்லை. எதிரே வருகிறவரிடம் சும்மா கேட்பது. அவரும் "இந்தா, இங்கனதான்" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். இங்கே அப்படியில்லை. கடலுக்குப் போகிறவரிடம் எங்கே என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு மீன்பாடு விளங்காது என்று நம்புகிறார்கள். அவர் கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தார். உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாகக் கிளம்புவது போலக் கிளம்பினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து மாமியார் சொல்லித் தீர்த்தார்.

அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. ஆனால் மனசு ஒத்துக்கொண்டதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்து நாள் முழுக்கக் கேள்வி கேட்கிற டீச்சர் நான். வீட்டில் புருஷன் எந்தத் திசைக்குப் போகிறார் என்று கேட்க வாய் இல்லை. கேட்டாலும் அவர் சொல்லுகிற ஆள் இல்லை. அப்படி ஒரு கல்லுளிமங்கன்.

அவர் சொல்லாததற்கு நம்பிக்கை பாதிதான் காரணம். மீதிக்குக் காரணம் தொழில். கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடத்துக்கு இங்கே 'பார்' என்று பெயர். தூண்டிலுக்கு நல்ல மீன் அங்கேதான் நிற்கும். அந்த இடம் ஜிபிஎஸ் கருவியில் ஒரு புள்ளி. அதைப் பாயிண்டு என்பார்கள். ஒருவர் கண்டுபிடித்த பாயிண்டை அடுத்தவருக்குக் காட்டமாட்டார். படகிலிருக்கும் கருவி உப்புத் தண்ணீரில் எப்போது வாயைப் பிளக்கும் என்று தெரியாது. அதனால் எங்கள் வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் எல்லாப் பாயிண்டையும் தன் பெரிய போனில் ஏற்றிவைப்பார். அந்தப் போன் கடலுக்குப் போகாது. கடலுக்குப் பட்டன் போன்தான். பெரிய போன் அலமாரியில், மடித்துவைத்த சட்டைகளுக்கு அடியில் கிடக்கும். அதற்கு ஒரு பூட்டு வேறு.

அந்தப் பூட்டு அவருடைய சொந்தத் தம்பிக்குப் பயந்து போட்டது. அண்ணனும் தம்பியும் முன்பு ஒரே படகில் போனவர்கள். தம்பி தனிப்படகு வாங்கியதும், அண்ணன் காட்டிய பாரிலேயே அண்ணனுக்கு முன்னால் போய்த் தூண்டில் போட்டார். அதோடு பேச்சு நின்றது. கொழுந்தன் என்னை எங்கே பார்த்தாலும் "மைனி, சாப்டியளா?" என்று கேட்பார். இவர் பக்கத்தில் நின்றால் அதுவும் இல்லை.

ஒரு முறை என் வீட்டுக்காரர் மத்தியானம் போனார். கூட ஒரே ஒரு ஆள். விடிந்ததும் ஏலத்துக்கு வந்துவிட வேண்டியது. வரவில்லை. மேற்கே இருந்து கச்சான் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் என்ஜின் நின்றுபோனால் படகை நேரே இலங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஏலக்கூடத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு படகாக வந்தது. எங்கள் படகு வரவில்லை. பட்டன் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கூடப் போனவர் வீட்டில் விசாரித்தேன். அங்கேயும் யாரும் எங்கே என்று கேட்டிருக்கவில்லை.

கொழுந்தன் ஓடிவந்தார். "மைனி, அண்ணன் எந்தப் பக்கம் போனான்?"

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி? கேக்க விட்டியளா என்னைய?"

ஏலக்கூடத்தில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அவன் பெரிய போனு வீட்லதான கெடக்கு? அதுல கடைசியா ஏத்துன பாயிண்டப் பாத்தா, எங்கன நின்னிருப்பான்னு தெரிஞ்சிரும். அங்கன இருந்து காத்து எங்கன தள்ளியிருக்கும்னு நாங்க பாத்துக்கிடுவோம். அது இல்லாம இம்புட்டுக் கடல்ல எங்கன போயித் தேட? படகு மூணு ரெடியா நிக்கி மைனி. சீக்கிரம்."

வீட்டுக்கு ஓடிப்போய் போனை எடுத்தேன். நாலு எண் கேட்டது. யோசிக்கவே இல்லை. பூஜ்யம் ஐந்து பூஜ்யம் எட்டு என்று போட்டேன். மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் ஐந்து. எங்கள் தெருவில் போனுக்கும் ஏடிஎம் கார்டுக்கும் பாதிப் பேருக்கு மேல் அதுதான். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர்ந்தவள் நான், என் கார்டுக்கே அதுதான். போன் ஒரு உதறு உதறித் தவறு என்றது. எங்கள் கல்யாண நாள், மகள் பிறந்த நாள், படகு நம்பரின் கடைசி நாலு எண் எல்லாம் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முயற்சி செய்யச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது.

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா போனை என் கையிலிருந்து வாங்கி, "தள்ளுளா, நான் போடுதேன்" என்று போட்டார். அவர் போட்டதும் ஐந்து எட்டுதான்.

"அத நான் போட்டாச்சுக்கா."

"நீ பதட்டத்துல தப்பாப் போட்டிருப்ப."

கூடப் போனவரின் மச்சான் வந்தார். அவரும் வாங்கினார். என்ன நம்பர் என்று யாரிடமும் கேட்கவில்லை, அதையே போட்டார். அவரிடமிருந்து வாங்கிய இன்னொருத்தர், மாதத்தை முன்னால் வைத்து எட்டு ஐந்து என்று போட்டார். ஒவ்வொரு முறையும் போன் காத்திருக்கச் சொன்ன நேரம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் கொழுந்தனும் மூச்சிரைக்க வந்து, "குடுங்க மைனி, எனக்குத் தெரியும்" என்று வாங்கினார். கூடப் பிறந்தவராச்சே, ஏதோ தெரிந்திருக்கும் என்று கொடுத்தேன். அவரும் மாதா திருவிழாவைத்தான் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து வா என்று சொல்லிவிட்டது போன்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். "ஒங்களுக்கெல்லாம் வேற நம்பரே தெரியாதா? நாலு பேருக்குத் தெரிஞ்ச நம்பரையா அந்த மனுஷன் போட்டிருப்பாரு? பெத்த தாய்க்கே ஒண்ணும் சொல்லாத ஆளு. அங்கன அவரு காத்துல கெடக்காரு, நீங்க இங்கன திருவிழாக் கொண்டாடுதிய" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். பக்கத்து வீட்டு அக்கா என் முதுகைத் தடவிவிட்டார்.

கொழுந்தனின் பைக்கில் ஏறி, அந்தப் போனை வாங்கிய கடைக்குப் போனோம். கடைக்காரர் போனைப் புரட்டிப் பார்த்தார். "அழிச்சிட்டுப் புதுசாத் தொறக்கலாம்மா. ஆனா உள்ள இருக்கது எல்லாம் போயிரும்" என்றார்.

"அண்ணாச்சி, உள்ள இருக்கதுதான் வேணும். போன நீங்களே வச்சுக்கிடுங்க."

விஷயத்தைக் கொழுந்தன் சொன்னதும் அவர் முகம் மாறியது. கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "இந்த மாடல் போனுக்கு, வாங்கும்போதே கம்பெனில ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுப்போம். அந்தக் கணக்குக்குள்ள போனா இங்கன கம்ப்யூட்டர்ல இருந்தே பூட்ட எடுக்கலாம். எல்லாப் போன்லயும் நடக்காது. பாப்போம். அண்ணன் அன்னைக்கி எந்த நம்பரக் குடுத்தாரு?"

யாருக்குத் தெரியும்? கடைக்காரர் முதலில் என் வீட்டுக்காரர் நம்பரைப் போட்டார். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. பிறகு என் நம்பரைக் கேட்டுப் போட்டார். என் கையிலிருந்த போனில் ஓடிபி வந்து விழுந்தது. இங்கிலீஷில் ஏதாவது வந்தால் நான் படித்துச் சொல்வேன் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறார் மனிதர். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

ஓடிபியைச் சொன்னேன். கடைக்காரர் புதுப் பாஸ்வேர்டு போட்டார். பெரிய போனுக்கு நெட் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றது. அதற்கும் ரீசார்ஜ் செய்தார். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாதாவைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் அம்மனையும் கூப்பிட்டேன். யார் காதில் விழுந்ததோ, பூட்டு விலகியது.

துறைமுகத்தில் மூன்று படகுக்காரர்களும் போனைச் சுற்றி நின்றார்கள். நீல நிறத்தில் கடல், அதில் சிவப்புப் புள்ளிகள். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும் அவர் எங்கெங்கே போகிறார் என்று நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். கரையிலிருந்து இவ்வளவு தூரமா என்று விரலால் அளந்து பார்த்தேன். கொழுந்தன் தேதியைப் பார்த்துக் கடைசிப் புள்ளியில் விரலை வைத்தார். "இங்கனதான். ஒருவேளை இதுல மீன் இல்லன்னு பக்கத்துல இருக்க பாருக்கும் போயிருப்பான். எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்கல" என்றார். ஆளுக்கு ஒரு போனை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்தார்கள். தேடத்தான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு போனும் சத்தம் போட்டுப் படம் பிடித்தபோது, அவர் பத்திரமாக வைத்திருந்ததை நானே தூக்கித் தெருவில் வைத்தது போலிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே படகுகள் கிளம்பின.

மறுநாள் காலையில் கொழுந்தன் போனில் கூப்பிட்டார். "மைனி, ஆளு இருக்கான். ரெண்டு பேருமே நல்லா இருக்காவ."

ரொம்பக் கிழக்கே போய்விட்டார்களாம். என்ஜின் விசிறியில் மிதந்துவந்த அறுந்த வலை சுற்றியிருக்கிறது. படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாகி இறங்கினார். நான் கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "போனத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"யாரெல்லாம் பாத்தாவ?"

ஒரு அறை விட்டால் என்ன என்று தோன்றியது. "ஒங்க உசுரக் காப்பாத்த வந்தவுக எல்லாரும் பாத்தாவ" என்றேன். அவர் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தம்பியின் படகைப் பார்த்தார். தம்பி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே அது நடந்தது. எங்கள் படகு பழுது பார்க்க நின்றது. அன்று தேடப் போன மூன்று படகும் அவருடைய பார்களில் தூண்டில் போட்டு, பெரிய பெரிய விளமீனாக ஏலத்துக்குக் கொண்டுவந்தன. தம்பியின் படகும் அதில் ஒன்று. இவர் ஏலக்கூடத்துத் தூணில் சாய்ந்து நின்று அந்த மீனைப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. நான் செய்தது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை. மறுபடியும் அப்படி வந்தாலும் அதையேதான் செய்வேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பத்துப் பதினைந்து நாள் எங்களுக்குள் உப்பு, தண்ணீர், சாவி என்பதற்கு மேல் பேச்சில்லை. போனுக்குப் புது நம்பர் போட்டிருந்தார். என்ன நம்பர் என்று நான் கேட்கவில்லை.

படகு சரியாகி மறுபடி கடலுக்குக் கிளம்பிய அன்று, நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெரிய போனோடு வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். "கையக் கொண்டா" என்றார். என் கட்டைவிரலைப் பிடித்து போனில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எதுக்கு?"

"நான் வரலன்னா தொறந்து பாரு."

"நான் பாத்து? நீந்திப் போயி ஒங்களத் தேடட்டா?"

விரலை இன்னொரு முறை அமுக்கி வைத்தார். பிறகு, "தம்பிகிட்டக் காட்டு" என்றார்.

"அவருந்தான ஒங்க பார்ல தூண்டில் போட்டாரு?"

"போட்டாம்லா. தேடி வந்ததும் அவந்தான?"

போன் என் விரலை ஏற்றுக்கொள்ளாமல், துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கைலி நுனியால் என் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். "என்னளா, ஈரம் போவ மாட்டங்கு" என்றார். எப்படிப் போகும்? அவர் விரலை விட்ட நேரமெல்லாம் நான் அந்தக் கையால்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.