சுண்ணாம்புத் தொட்டி மீன்கள்

பொன்மணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், வாயை மூடிக்கொள்வாள். எங்களுக்கெல்லாம் அதுதான் பயம். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரம் சுற்றுபவள். மற்ற நாட்களில் அவள் வாய் ஓயாது.

எங்கள் அறை வாசலில் தீ பிடித்தால் அணைக்க ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. தண்ணீர் போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். மனிதன் குளிக்க யோசிக்கிற அந்தத் தண்ணீரில் கொசு மட்டும் குஷியாகக் குடும்பம் நடத்தியது. போன வருசம் பொன்மணியின் மகள் மாரிசெல்வி டெங்கு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிலிருந்து கொசு என்றாலே இவளுக்கு ஆகாது.

திருத்தங்கலில் கலர் மீன் வாங்கி வந்து தொட்டியில் விட்டாள். மறுநாளே மிதந்தன. திரும்ப வாங்கினாள், அவையும் மிதந்தன. கடைசியில் கண்மாய் வற்றி உப்புப் பூத்துக் கிடந்த ஒரு பள்ளத்தில் விரல் நீள ஜிலேபி மீன்கள் துள்ளுவதைப் பார்த்துக் குடத்தில் அள்ளி வந்தாள். அவை சாகவில்லை. கொசுப்புழுவை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தன.

முதலாளி மகன் மகேஷ்குமார், உள்ளே செல்போன் கூடாதென்று கேட்டுக்கு வெளியே நின்று தேடிப் படித்துவிட்டு வந்தார்.

“இதோட சொந்தக்கார மீனுக ஆப்பிரிக்காவுல சோடா உப்பு ஏரியில இருக்காம்க்கா. அம்புட்டுக் காரமான தண்ணியாம்.”

“அங்கனயும் நம்ம ஊரு போர்தானா?” என்றாள் பொன்மணி.

அவர் சிரித்தாலும் ஒரு நிபந்தனை போட்டார். தீபாவளி லீவு முடிந்து பூஜை போட்டுத் திறக்கிற அன்று மீன் உயிரோடு இருக்க வேண்டும், புழு இருக்கக் கூடாது. இல்லையென்றால் எல்லாத் தொட்டிக்கும் பிளீச்சிங் பவுடர்தான். பவுடர் வேகம் அடங்கியதும் கொசு திரும்ப வந்துவிடும் என்று பொன்மணிக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றாள்.

லீவில் வெள்ளையடிக்க வந்தவர் அவள் புருசன் வெள்ளைத்துரை. தங்கமான மனிதர், புத்திக்கு முன்னால் கைதான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். மிஞ்சிய சுண்ணாம்பைக் கிணற்றில் போட்டால் தண்ணீர் தெளியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூஜைக்கு முதல் நாள், அந்த நல்லெண்ணத்தில் வாளியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

சாப்பாடு கொண்டுபோன பொன்மணி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பாலாக இருந்தது.

“உள்ள மீனு கெடந்துச்சே?”

“அட ஆமா!”

அவ்வளவுதான். தூக்குவாளியைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். வெள்ளைத்துரை பசியோடு குழாயை இழுத்துத் தொட்டியில் விட்டு, தண்ணீரை வழியவிட்டபடி சாயங்காலம்வரை நின்றார். வீட்டிலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சோறு மட்டும் தட்டில் வந்து விழுந்ததாம்.

மறுநாள் கேட்டுப் பக்கம் பூஜை முடிந்ததும் எல்லோரும் தொட்டிக்கு ஓடினோம். தண்ணீர் தெளிந்திருந்தது, புழு ஒன்றுகூட இல்லை. சில மீன்கள் செத்து மிதந்தன, பாதிக்கு மேல் நீந்தின. எனக்கு உயிர் வந்தது. பூஜைப் பொரியைப் போட்டதும் எல்லாம் ஓடி வந்தன. ஒன்று மட்டும் தாடை வீங்கி மூலையில் அசையாமல் நின்றது.

“அதுக்குச் சுண்ணாம்புல வாயி வெந்துருச்சு போல,” என்றாள் எங்கள் அறையில் வேலை பார்க்கும் அழகுமீனா. பொன்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைத்துரை தள்ளி நின்று சுவரைப் பார்த்தார்.

அந்த நேரம் மூலை மீன் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து குஞ்சுகள் ரவை கொட்டின மாதிரி வந்தன. சுண்ணாம்புத் தண்ணீரிலும் பட்டினியாக, வாய்க்குள்ளேயே பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றியிருக்கிறது அந்தத் தாய்.

“பவுடர் வேண்டாம்க்கா. மத்த தொட்டிக்கும் இதுலயே குஞ்சு எடுத்துக்குவோம்,” என்றார் மகேஷ்குமார்.

நாங்கள் கை தட்டினோம். பொன்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருசன் பக்கம் திரும்பினாள்.

“காலையில சாப்பிட்டீகளா?”