நேர்காணலுக்குப் போன ஏலக்காய்க்காரன்

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போன வாரம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். பக்கத்துச் சிலமலைப் பெண் ஒருத்தி விமானி ஆகிவிட்டாள். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, பின்னால் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்த விமானம். அதன் மூக்குக்குக் கீழே தாய்மாமன், சித்தப்பா, சித்தப்பாவின் கூட்டாளிகள் என்று கைகூப்பிய தலைகள் வரிசையாக. எல்லோருமாகச் சேர்ந்து தள்ளித்தான் அதை மேலே ஏற்றினார்கள் போலிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. டீக்கடைக்காரர் வேறு சும்மா இருக்கவில்லை. "அண்ணே, நீங்களும் ஒரு காலத்துல பிளேன் ஓட்டப் படிச்சீங்கள்ல?" என்றார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன்.

படித்தேன். ஓட்டியும் இருக்கிறேன். வடக்கே ஒரு சின்ன ஊரில், ஆடு மாடு குறுக்கே வந்தால் விரட்டுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்த பயிற்சிப் பள்ளி. என் பெட்டியைத் திறந்தாலே அறை முழுக்க ஏலக்காய் மணக்கும். மடித்த துணிகளுக்கு நடுவே அம்மா கைநிறையக் காயைப் போட்டு அனுப்புவாள். எத்தனை தடவை துவைத்தாலும் அந்த வாசனை சட்டையை விட்டுப் போகாது. கூட இருந்த பையன்கள் எனக்கு 'பாயசம்' என்று பேர் வைத்தார்கள். வாத்தியார்கூட ஒரு நாள் வயர்லெஸ்ஸில் என்னைப் பாயசம் என்று கூப்பிட்டுவிட்டார்.

முதல்முறை தனியாக ஓட்டி இறக்கிய அன்று, வழக்கப்படி என் தலையில் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார்கள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டே அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, இன்னிக்கு ஒத்தையா ஓட்டிட்டேன்" என்றேன். "சரி. சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் படிப்புக்காகத்தான் அவர் காட்டை விற்றார். போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை போகிற வழியில் எங்களுக்கு ஒரு சரிவு இருந்தது. காட்டுமரங்களின் நிழலில் ஏலச்செடி, நடுவில் ஓர் ஊற்று, ஓரத்தில் காய் உலர்த்துகிற கட்டடம். வீட்டில் அடுப்பெரிந்தது அதை வைத்துத்தான். விற்றுவிட்டுத் திரும்புகிறபோது எங்கள் ஜீப்பு டிரைவர் முத்தையா அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "காய் நிக்கிற காட்டப் போயி குடுத்துட்டீங்களேண்ணே" என்றார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "சோலியப் பாரு. ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வருத்தமா, நிம்மதியா, நான் பறக்கப் போகிறேன் என்ற நினைப்பா, எதுவும் இல்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அந்த முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அந்த முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏலக்காய் ஏலம் அப்போது வாயால்தான் நடக்கும். தட்டில் மாதிரிக் காய் சுற்றி வரும். வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்ப்பார்கள், நகத்தால் கீறி மோந்து பார்ப்பார்கள், பிடிக்காததைப் போலத் தரையில் உதறுவார்கள். உண்மையில் அவர்களுடைய கண் காயில் இருக்காது. பின்னால் நிற்கிற காட்டுக்காரன் மூஞ்சியில்தான் இருக்கும். இவனுக்கு அவசரமா, இந்த விலைக்கே குளிர்ந்துபோய்விட்டானா என்று அங்கேதான் படிப்பார்கள். அதனால் காட்டுக்காரர்கள் எல்லோரும் தங்களுக்கும் அந்தக் காய்க்கும் சம்பந்தமே இல்லாதது போல நிற்பார்கள். அப்பா மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விலை படியாவிட்டால், "வேணாம், எடுத்துக்கிறேன்" என்று கொட்டாவி விடுகிற குரலில் சொல்வார். சொல்லிவிட்டு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தும் இருக்கிறார்.

பிளஸ் டூ விடுமுறையில் ஒரு தடவை கூடப் போனேன். எங்கள் காய்க்கு விலை மளமளவென்று ஏறியது. நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். ஒரு வியாபாரி என்னைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், ஏலம் அந்த இடத்திலேயே நின்றுபோனது. வெளியே வந்ததும் அப்பா என் தொடையைத் திருகியதில் ரத்தம் கன்றிவிட்டது. "உன் பல்லு தெரிஞ்சதும் அவன் வாய மூடிட்டான் பாத்தியா? ஆசையக் காட்டுனா அடிமாட்டு வெலதாண்டா" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை நான் மறக்கவே இல்லை. மறந்து தொலைத்திருக்கலாம்.

லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து நாள் கணக்கில் காத்திருந்த பிறகு, ஒரு விமானக் கம்பெனி எழுத்துத் தேர்வுக்குக் கூப்பிட்டது. தேறினேன். நேர்காணல் மட்டும்தான் பாக்கி. பஸ் ஏற்றிவிட அப்பா வந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கேட்டதுக்குப் பதில் சொல்லு, அப்பு. பல்ல இளிக்காத. கெஞ்சாத. சரக்கு நம்மகிட்ட இருக்கு, வேணும்னா அவன் எடுத்துக்கட்டும்" என்றார். நானும் பெரிய உபதேசம் கிடைத்துவிட்ட மாதிரி தலையாட்டினேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த மீசையுடன் ஒரு கேப்டன். ஓரத்தில் கம்பெனியின் ஆளெடுக்கும் பிரிவிலிருந்து ஓர் அம்மா. நான் உட்காருவதற்குள் அந்த அம்மா மூக்கை உறிஞ்சி, என்ன இவ்வளவு நல்ல வாசனை என்று சிரித்தார். என் சட்டைதான். வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே ஒரு கதையைச் சொல்லி மூன்று பேரையும் கைக்குள் போட்டிருப்பான். நான் "ஏலக்காய், மேடம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தேன்.

பாடத்தில் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னேன். மலையூரில், வெயில் நேரத்தில் விமானம் மேலேற ஏன் திணறும், பக்கக் காற்றில் எப்படி இறக்குவாய், எல்லாவற்றுக்கும் தடங்கலில்லாமல் பதில் வந்தது. கேப்டன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு அந்த அம்மா, எங்கள் கம்பெனியில் ஏன் சேர நினைக்கிறீர்கள் என்றார்.

"ஆள் எடுப்பதாக விளம்பரம் கொடுத்திருந்தீர்கள், மேடம்" என்றேன்.

கேப்டன் பேனாவை மேசையில் வைத்தார். நாங்கள் எடுக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். காலில் விழச் சொன்னால் விழுந்திருப்பேன். அங்கே மேலே விசிறி இல்லை, ஏசி. அதைப் பார்த்துக்கொண்டு, "வேறு கம்பெனிகள் இருக்கின்றன, சார்" என்றேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தம்பி, உனக்கு ஓட்டத் தெரியும், வர ஆசை இருக்கிறதா என்றுதான் எனக்குப் புரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். நல்ல மனிதர். இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது, ஆள் மடங்கிவிட்டார், விலை ஏறப் போகிறது என்றுதான். "பார்க்கலாம், சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். லிஃப்டில் இறங்கும்போது எனக்கு அவ்வளவு பெருமை.

வருந்துகிறோம் என்று மெயில் வந்தது. என்னோடு அறையில் இருந்து, மூன்று முறை பரீட்சையில் கோட்டைவிட்ட பையனுக்கு வேலை கிடைத்தது. உங்கள் விமானத்தைக் கழுவச் சொன்னாலும் கழுவுவேன் என்றானாம். நான் அப்பாவிடம் உள்ளே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "சரியாத்தானய்யா சொல்லிருக்க. இவன் போனா அடுத்தவன் வருவான்" என்றார். மூட்டை திரும்பி வந்த நாட்களில் சொல்வதையேதான் சொன்னார். ஏலக்காயை உலர்த்தி வைத்தால் அடுத்த வாரம்வரை தாங்கும். விமானி தாங்கமாட்டான். ஓட்டாமல் இருந்தால் லைசென்ஸ் கெட்டுப்போகும், ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால் பணம் வேண்டும், விற்பதற்கு இன்னொரு காடு எங்களிடம் இல்லை.

அடுத்தவனும் ஒருவன் வந்தான், இல்லையென்று சொல்லக்கூடாது. அந்த நேர்காணலில் இந்த முறை சிரித்தே தீருவது என்று முடிவுகட்டிப் போனேன். பழக்கமில்லாத காரியம். பல்வலியா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

இப்போது நான் போடியில் ஒரு வியாபாரியிடம் வேலை பார்க்கிறேன். ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்துவதுதான் சோலி. விலை திரையில் ஓடுகிறது. காய் யாருடையது, அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே எங்கள் சரிவில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள். உலர்த்துகிற கட்டடத்தை இடித்த இடத்தில் நீச்சல்குளம். ஊற்று வற்றிப்போனதால் லாரியில் தண்ணீர் வருகிறது.

அப்பாவை இரண்டு வருடங்களுக்கு முன்னால் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு மத்தியானம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஏர்போர்ட்டில் இறங்கப் போகிற விமானம் ஒன்று ஜன்னலில் தாழ்வாகப் போனது. அது மறைகிறவரை பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "அதுல நீ உக்காந்து போறதப் பாக்கணும்னு எனக்கு எம்புட்டு ஆசை தெரியுமா, அப்பு? அந்தக் காட்ட விக்கிறப்பக்கூட எனக்கு அந்த நெனப்புத்தான்." சொல்லும்போதே அழுதார். அவர் வாயிலிருந்து ஆசை என்ற வார்த்தை தனக்காக வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. இதை பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அந்தக் கேப்டனிடம் போய் அப்படியே சொல்லியிருப்பேனே என்று கத்த வேண்டும் போலிருந்தது. "வெரசாக் குடிங்கப்பா, ஆறிடும்" என்றேன்.

அந்த வாரமே போய்விட்டார். எனக்கும் ரொம்ப ஆசையாகத்தான் இருந்தது என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.